நான்காம் இடத்து நாடி

வெங்கடாசலத்தைப் புதைத்துவிட்டு வந்த மறுநாள் பகலில், அவருடைய நாடி நிமிடத்துக்கு அறுபத்தெட்டு என்று செல்போன் காட்டியது.

முதலில் பார்த்தது அவர் மனைவி பாஞ்சாலி. கத்தவில்லை, கூப்பாடு போடவில்லை. சாவு வீட்டில் கத்துவதற்குத்தான் வேறு ஆட்கள் நிறைய இருந்தார்களே. பக்கத்து வீட்டுக் கோகிலவாணிக்கு ஆள் விட்டுக் கூப்பிட்டு, போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"உங்க பெரியப்பாவுக்கு அடிக்குது பாரு கண்ணு."

கோகிலவாணி பார்த்தாள். அவளே எழுதிய பக்கம்தான் அது. நான்காவது வரியில் வெங்கடாசலம் என்ற பெயர், அதற்கு நேரே பச்சை நிறத்தில் அந்த எண்.

கோகிலவாணி, வெங்கடாசலத்தின் தம்பி குப்புராஜுக்கு ஒரே மகள். பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டே பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்கு வெப்சைட் எழுதிக் கொடுக்கிறவள். அந்தக் கம்பெனி, நெஞ்சுக் கோளாறும் ரத்தக் கொதிப்பும் உள்ளவர்களுக்காக ஒரு கைப்பட்டை செய்தது. மணிக்கட்டில் கட்டிக்கொண்டால் நாடியை எண்ணும். சோதித்துப் பார்க்க ஓர் ஊர் வேண்டும் என்றதும், "எங்க ஊரே இருக்குதுங்களே" என்று முதல் ஆளாகக் கையைத் தூக்கினாள். ஊரில் பத்துப் பேர் கையில் பட்டை ஏறியது. தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் ஒரு பெட்டி ஏறியது. பத்துப் பட்டைகளும் சொல்வதைப் பெட்டி கேட்டு, ஒரே கட்டாகக் கட்டி அனுப்பும். அதைப் பிரித்து அவரவர் பெயருக்கு நேரே காட்டுவது கோகிலவாணியின் வேலை. யாருக்காவது நாடி ஐம்பதுக்குக் கீழே இறங்கினால் வீட்டார் போனில் மணி அடிக்கும்.

பெட்டி அனுப்பும் கட்டில் பெயர் கிடையாது, எழுத்தும் கிடையாது. வெறும் எண்கள்தான், ஒன்றன்பின் ஒன்றாக. ஒவ்வொரு எண்ணும் உட்கார ஒரு பைட் இடம். ஆளுக்கு எட்டு பைட். முதல் பைட்டில் நாடி, இரண்டாவதில் பேட்டரி, அப்புறம் உடம்புச் சூடு, கடைசியில் எதுவும் வைக்காமல் விட்ட காலி இடம். பத்துப் பேருக்கு எண்பது பைட். இந்த எட்டு யாருடையது என்று எங்கேயும் எழுதியிருக்காது, வரிசைதான் அடையாளம். கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவன் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. முதல் இலை, இரண்டாம் இலை என்று குனிந்தபடியே போய்க்கொண்டிருப்பான். அப்படித்தான் இதுவும்.

பெட்டியைச் செய்த சிவக்குமார் ஓசூர்க்காரன். ஆரம்பத்திலேயே போனில் சொன்னான்: "அந்தக் காலி எடத்துல ஆள் நம்பரப் போட்டு அனுப்பிரட்டுங்களா?"

"எதுக்குங்க? வரிச மாறவா போவுது?" என்று கேட்டாள் கோகிலவாணி. அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. ஒரு பைட்கூட வீண் பண்ணாத பெண் என்று ஆபீசில் பெயர்.

வெங்கடாசலம் தக்காளிச் செடிக்கு மருந்தடித்துவிட்டு வந்து, சட்டையைக் கழற்றும்போதே சரிந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குத் தூக்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவருக்காக அடித்த மணி அப்புறமும் நிற்கவில்லை. பிணத்தைச் சுற்றி ஒப்பாரி, அதற்கு நடுவே போனுக்குப் போன் கிணிங் கிணிங் என்று மணி. "அந்தச் சனியன மொதல்ல நிறுத்து!" என்று குப்புராஜ் சீறினார். கோகிலவாணி லேப்டாப்பைத் திறந்து, பெரியப்பா பெயருக்கு மட்டும் மணியை அடைத்தாள். பெயரையும் எடுத்துவிடத்தான் போனாள்.

"பேர எடுக்காத" என்றார் குப்புராஜ். "காரியம் முடியற வரைக்கும் அண்ணன் வூட்ட வுட்டுப் போவமாட்டாரு. அதுக்குள்ள பேர அடிச்சா நல்லாவா இருக்கும்?"

அந்த ஊரில் அது வழக்கம். காரியம் கழியும்வரை செத்தவருடைய செருப்பை நகர்த்தமாட்டார்கள், கட்டிலை மடக்கமாட்டார்கள், சாப்பிடும்போது அவருக்கும் ஓர் இலை போடுவார்கள். கோகிலவாணியும் அந்த வீட்டில் பிறந்தவள்தானே. பெயரை விட்டுவிட்டாள். பட்டையும் அவர் கையோடேயே போயிற்று. குளிப்பாட்டும்போது கழற்றப் போனவர்களைப் பாஞ்சாலி தடுத்துவிட்டாள். சொந்தக் கொல்லையில், தொட்டியிலிருந்து பார்த்தால் தெரிகிற மாமரத்தடியில், பட்டையோடு புதைத்தார்கள்.

இப்போது அந்த அறுபத்தெட்டு.

படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. வாயில் முதலில் வந்த காரணத்தையே உண்மை என்று நம்பிவிடுவார்கள். "பழைய எண்ணுங்க பெரிம்மா" என்றாள் கோகிலவாணி. "எண்ண வெக்க ஒவ்வொரு தடவையும் புதுசா எடம் எடுக்க மாட்டேன். பழைய எடத்துலயே புதுசு வந்து உக்காரும். அவருக்குப் புதுசு வரல இல்லீங்களா, அதனால கடைசியா இருந்தது அப்படியே நிக்குது."

சொல்லி முடிக்கும்போது எழுபத்தொன்று ஆனது.

கோகிலவாணிக்குப் பிடரி மயிர் சிலிர்த்தது. தேங்கிய தண்ணீர் தானாக ஓடாது. பழைய எண் தானாக மாறாது.

பாஞ்சாலி போனை மடியில் வைத்துக்கொண்டாள். "ஏங்க," என்றாள் மெதுவாக. "கேக்குதுங்களா?"

எழுபத்தொன்பது.

"மோட்டரு ரூம்பு சாவிய எங்கீங்க வெச்சீங்க? மவன் அருணு தேடாத எடமில்ல." எண் எண்பத்தைந்துக்கு ஏறியது. பாஞ்சாலி அழுதாள், தொண்ணூற்றிரண்டு. அழுது ஓய்ந்து சுவரில் சாய்ந்து கண்ணை மூடினாள். எண்ணும் படிப்படியாக இறங்கி அறுபதுகளில் வந்து நின்றது.

அன்று சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. மறுநாளிலிருந்து பட்டப்பகலிலேயே வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பெண்கள் கும்பிட்டார்கள். வெங்கடாசலம் உயிரோடு இருந்தபோது அவருக்கு வணக்கம் சொல்லாத பங்காளி ஒருத்தன் செல்போனுக்குக் கற்பூரம் காட்டலாமா என்று கேட்டான். பாஞ்சாலி யாரையும் கண்டுகொள்ளவில்லை. வெயில் முற்றத்தில் விழும் நேரத்தில் தூணோரம் உட்கார்ந்து, போனோடு பேசுவாள். மாடு சினையாகிவிட்டது என்பாள். தக்காளி விலை விழுந்துவிட்டது என்று திட்டுவாள். திட்டினால் எண் ஏறும், கொஞ்சினாலும் ஏறும். முப்பது வருஷத்தில் அவர் இவ்வளவு ஒழுங்காகப் பதில் சொன்னதே இல்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னாள்.

ஒரு காரியம் அவள் செய்திருக்கலாம். வந்து விழும் கட்டைப் பிரிக்காமல் அப்படியே திறந்து, மொத்தம் எத்தனை பைட் என்று எண்ணியிருக்கலாம். அரை நிமிஷ வேலை. இரண்டு முறை லேப்டாப்பைத் திறந்தாள், இரண்டு முறையும் மூடினாள். பயம்தான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அவள் அரண்டு போய்க் கண்ணையே மூடிக்கொண்டாள். பயத்துக்குப் பின்னால் ஓர் ஆசையும் இருந்தது. "பொட்டப்புள்ளைக்கு எதுக்கு இஞ்சினீரு படிப்பு" என்று அவள் அப்பாவே சொன்னபோது, தன் மாட்டை விற்றுக் கட்டணம் கட்டியவர் பெரியப்பா. இருந்துவிட்டுப் போகட்டுமே என்று மனசு சொன்னது.

காரியம் நெருங்க நெருங்க எண் இறங்கியது. அறுபதுகளில் இருந்தது ஐம்பதுகளுக்கு வந்தது. அப்புறம் நாற்பத்தாறு, நாற்பத்திரண்டு. பெயர் சிவப்பாக மாறியது. அடைத்து வைத்த மணி அடிக்கவில்லை.

"பொறப்படறாரு" என்றாள் பாஞ்சாலி. "மெல்ல மெல்ல வுட்டுப் போறாரு."

கேட்டவர்களுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. காரியம் முடிந்தால் போக வேண்டியவர், அதற்கு முன்பே மூட்டை கட்டுகிறார். பாஞ்சாலியும் கூடவே தளர்ந்தாள். எழுந்தால் கண் இருட்டியது. குடத்தை எடுத்தவள் அப்படியே இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். சாப்பிடாமல் கிடந்தால் அப்படித்தான் என்றார்கள் பெண்கள். கோகிலவாணிக்கு மட்டும் சந்தேகம் வந்தது. பாஞ்சாலி கையிலும்தான் பட்டை இருக்கிறதே. வரிசையில் ஐந்தாவது அவள். ஐந்தாவது வரியைப் பார்த்தாள். எழுபத்துநான்கு, பச்சை.

"உங்களுக்கு ஒண்ணுமில்லீங்க பெரிம்மா. எழுவத்தி நாலு. கல்லு மாதிரி இருக்கறீங்க" என்றாள். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவள் பிற்பாடு தலையில் அடித்துக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல.

காரியத்தன்று நல்ல வெயில். பந்தலுக்குக் கீழே சொந்தபந்தம் நிறைந்திருந்தது. பெங்களூரிலிருந்து மகன் அருண்குமார் மறுபடி காரோடு வந்திருந்தான். பாஞ்சாலிக்குத் தலைக்கு ஊற்றி, புதுச் சேலை சுற்றி, பூ வைத்து, வளையல் அடுக்கி நடுவில் உட்கார வைத்தார்கள். எல்லாம் கழற்றுவதற்காகவே போடுகிற கொடுமை. அவள் மடியில் போன் இருந்தது. அதைப் பிடுங்க யாருக்கும் மனம் வரவில்லை. முப்பத்தெட்டு என்று காட்டியது.

தீர்த்தம்மாள் என்ற மூத்த விதவை முன்னால் வந்து குந்தினாள். தாலி கடைசியில், முதலில் வளையல். ஒவ்வொன்றாக நெருக்கி உடைத்தாள். இடது கையில் வளையலுக்கு அடியில் அந்தப் பட்டை தடுத்தது. "இது வேற" என்று முணுமுணுத்து, கொக்கியை நெம்பி அதையும் கழற்றித் தட்டில் போட்டாள்.

மடியில் இருந்த போனில், வெங்கடாசலத்தின் பெயருக்கு நேரே எண் அணைந்தது. இரண்டு சின்னக் கோடுகள் மட்டும் நின்றன.

"போயிட்டாரு!" என்று பாஞ்சாலி அலறினாள். பந்தலே அலறியது. உட்கார்ந்திருக்க முடியாமல் அவள் தூணில் சரிந்தாள். துக்கம் தாளவில்லை என்று நாலு பேர் தாங்கிப் பிடித்தார்கள்.

கோகிலவாணி மட்டும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். உடைந்த கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவில் பட்டை கிடந்தது. அவள் அதை எடுத்தாள். தன் மணிக்கட்டில் வைத்து அழுத்திக் கட்டிக்கொண்டு, போனைப் பார்த்தாள்.

வெங்கடாசலம். நூற்றுப் பதினான்கு.

அது அவளுடைய நெஞ்சு. செத்தவர் பெயரில் அவள் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

பந்தியில் நான்காவது ஆள் எழுந்து போய்விட்டான். அவனுக்கு அடுத்திருந்தவர்கள் ஓர் இலை நகர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். இவள் குனிந்த தலை நிமிராமல், நான்காவது இலை வெங்கடாசலம் என்றே பரிமாறிக்கொண்டிருந்தாள். இத்தனை நாளும் பாஞ்சாலி பேசியது பாஞ்சாலியின் நெஞ்சோடு. ஐந்தாவது வரியில் காட்டிய எழுபத்துநான்கு, ஆறாவது ஆளான சந்திரமோகன் வாத்தியாருடையது. அப்படியானால் அந்த முப்பத்தெட்டு?

"பெரிம்மாவ தூக்குங்க!" என்று கத்தினாள். "அது பெரியப்பா இல்ல, பெரிம்மாதான்! நெஞ்சு நிக்கப் போவுது, கார எடுங்க!"

"தாலி கழட்டற நேரத்துல என்ன பேசற நீ?" குப்புராஜ் குறுக்கே வந்து நின்றார். "பாதியில எழுப்பினா காரியம் ஆவாது. அண்ணன் வழி தெரியாம நிப்பாரு."

"நிக்கட்டுங்கப்பா! நின்னா நிக்கட்டும்! இவுங்களையும் சேத்து அனுப்பணுமா?"

அப்பாவிடம் அவள் அப்படி ஒரு நாளும் பேசியதில்லை. அதற்குள் அருண்குமார் அவரைத் தாண்டிப் போய் அம்மாவை வாரித் தூக்கினான். அவிழ்ந்த கூந்தல், பாதி வளையல், கழுத்தில் தாலி. அப்படியே காரில் போட்டுக்கொண்டு தருமபுரிக்குப் பறந்தார்கள். அங்கே அவசரத்துக்கு ஊசி போட்டு, ஆம்புலன்ஸில் ஏற்றிச் சேலத்துக்குக் கொண்டு போகச் சொன்னார்கள். நெஞ்சைத் துடிக்க வைக்கும் மின்சாரம் வழியில் அறுந்து அறுந்து போகிறதாம்; கருவி வைத்தே ஆகவேண்டும்.

அதியமான்கோட்டையைத் தாண்டும்போது கோகிலவாணி ஆம்புலன்ஸில் இருந்தபடியே சிவக்குமாரைக் கூப்பிட்டாள்.

"செத்தவரு பட்டை பேசறதில்லீங்களே" என்றான் அவன். "ஒரு நாள் பாத்துட்டுப் பெட்டி அத வரிசையில இருந்து தள்ளிரும். அன்னையில இருந்து ஒம்பது பேருதான், எழுவத்திரண்டு பைட். நீங்க பாக்கலீங்களா?"

பார்க்கவில்லை. பத்துப் பெயர் இருந்ததால் பத்தாகவே படித்தாள். கடைசி ஆளான கலைமணிக்கு, துடைக்காத இலையில் காய்ந்த சோறு மாதிரி, பழைய எண்ணே இத்தனை நாளும் அசையாமல் நின்றிருக்கிறது. அதையும் யாரும் கவனிக்கவில்லை.

பாஞ்சாலி பிழைத்தாள். நெஞ்சில் தோலுக்கு அடியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கருவியோடு ஊர் திரும்பினாள். நாடியை எழுபதிலேயே அது பிடித்து வைத்திருக்கும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். காரியத்தை வேறு நாளில் முடித்துவிடலாம் என்று குப்புராஜ் இழுத்தார். "என்னால மறுக்கா அங்க உக்கார முடியாது, வுடுங்க" என்றாள் பாஞ்சாலி. தாலி கழுத்திலேயே தங்கியது. ஊர் வாய் கொஞ்ச நாள் பேசிப் பார்த்துவிட்டு ஓய்ந்தது.

எல்லாவற்றையும் கோகிலவாணியே அவளிடம் சொன்னாள்.

"அப்ப அது நாந்தானா?"

"ஆமாங்க பெரிம்மா."

"நான் கூப்புட்டப்ப எல்லாம் ஏறுச்சே?"

"நீங்க அவருகிட்டப் பேசறப்ப உங்க நெஞ்சு வேகமா அடிச்சிருக்குதுங்க."

பாஞ்சாலி முற்றத்து வெயில் பக்கம் திரும்பினாள். "அப்ப நானே கேட்டு, நானே பதில் சொல்லிக்கிட்டு இருந்திருக்கறேன்" என்றாள்.

கோகிலவாணி வாய்விட்டு அழுதுவிட்டாள். அவளைச் சாகக் கொடுக்க இருந்ததைவிட, இதைச் சொன்னதுதான் பெரிய பாவமாகத் தோன்றியது.

"அவரு எடத்துல இப்ப யாரு?"

"யாரும் இல்லீங்க. பேரு மட்டும் இருக்குது. பெட்டிகிட்டச் சொல்லிட்டோம், அந்த எட்டு எடத்துக்கும் சைபர் போட்டே அனுப்பும். இல்லாட்டி எல்லாரும் மறுபடி நவுந்துருவாங்க."

"இருக்கட்டும். அங்க வேற யாரையும் உக்கார வெக்காத."

அன்றிலிருந்து பகல் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு முறை, வந்த கட்டைப் பிரிக்காமல் அப்படியே திறந்து பைட் பைட்டாகப் பார்ப்பதைக் கோகிலவாணி வழக்கமாக்கிக்கொண்டாள். பயந்து கண்ணை மூடியதற்கு அவளே விதித்துக்கொண்ட தண்டனை. எண்பது பைட் இருக்கும். நான்காவது இடத்தில் எட்டு சைபர் இருக்கும். மூடிவிட்டுச் சாப்பிடப் போவாள்.

ஒரு நாள் அங்கே சைபர் இல்லை.

முதல் பைட் ஐம்பத்தெட்டு. மற்ற ஏழும் சைபர்தான். நாடி ஐம்பத்தெட்டு, பேட்டரி ஒன்றுமில்லை.

இந்த முறை அவள் மூடவில்லை. மொத்தத்தை எண்ணினாள், எண்பது. பழைய மிச்சம் எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது என்று புது இடம் எடுத்து, துடைத்து, அடுத்த கட்டை அதில் வாங்கினாள். அறுபது. மற்ற ஒன்பது பேருக்கும் ஒவ்வொருவராகப் போன் போட்டு, பட்டையைக் கழற்றி மாட்டச் சொன்னாள். அவரவர் எண் அவரவர் வரியிலேயே அணைந்து, அவரவர் வரியிலேயே எரிந்தது. யாரும் இடம் மாறவில்லை. போனை எடுக்காதது பாஞ்சாலி மட்டும்.

சிவக்குமாரைக் கூப்பிட்டாள். "நான் சைபர்தாங்க போடறேன்" என்றான். "அந்த எடத்துல வேற எதுவும் வர வழியே இல்லீங்க."

ஜன்னலுக்கு வெளியே, கொல்லை மாமரத்தடியில் பாஞ்சாலி உட்கார்ந்திருந்தாள். கையில் போன் இல்லை. தாலிக்கயிற்றை விரலில் சுற்றியபடி மண்மேட்டைப் பார்த்து எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். திட்டுகிறாள் என்று தலையாட்டலிலேயே தெரிந்தது.

கோகிலவாணி திரையைப் பார்த்தாள். ஐந்தாவது வரியில் பாஞ்சாலி எழுபது. கருவி பிடித்து வைத்த எழுபது, திட்டியும் அசையவில்லை. நான்காவது வரியில் அறுபத்தாறு. எழுபத்தொன்று. எண்பது.

மரத்தடியில் பாஞ்சாலி ஏதோ கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருப்பவள் போலத் தலையைச் சாய்த்தாள். எண்பத்தெட்டு ஆனது.

அதை ஓடிப்போய் அவளிடம் சொல்லலாமா என்று கோகிலவாணி எழுந்தாள், பிறகு உட்கார்ந்தாள். சொல்லவேண்டியதில்லை என்று அவளுக்குப் பட்டது. அவர் நாடி இறங்கினாலும் இனித் தெரியட்டும் என்று பட்டியலைத் திறந்து, சாவன்று நான்காம் இடத்துக்கு அடைத்து வைத்த மணியைத் திறந்துவிட்டாள்.